ஆண்டிச்சாமியின் வலது கால்

1982 பிப்ரவரி 4, வியாழன்

புல்லெல்லாம் உறைபனி. நோயாளி முதுகைத் தொடுமுன் கையை ஹீட்டரில் காட்ட வேண்டியிருந்தது. டாக்டர் ஞானவேல் வழக்கம்போல முதுகு, மூட்டு எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டார். "நீங்க பாருங்க லீமா. மதுரைக்கு அனுப்ப வேண்டியத மட்டும் எங்கிட்ட சொல்லுங்க." பிசியோதெரபி முடித்து, எலும்பு மூட்டுக்கென்று தனியாகவும் ஒரு வருடம் படித்தாயிற்று. மலையில் எனக்குப் பெயர் இன்னும் 'கரண்டு வைக்கிறம்மா'தான்.

கடைசியாக மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து விசாலாட்சி. பூண்டுக் காட்டுக்காரி, முப்பது வயது இருக்கும். மாதக்கணக்கில் முதுகு வலி, சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது. முதுகெலும்பின் நடுவே ஒரு முண்டு. எக்ஸ்ரே வந்ததும் டாக்டரும் பார்த்தார். டி.பி. இரண்டு எலும்பை அரித்திருக்கிறது. நல்லவேளை, கால்களில் பலம் இருக்கிறது.

"இதுவரைக்கும் என்ன வைத்தியம் பாத்தீங்க?"

"எங்க வீட்டுக்காரரு மிதிச்சு விடுவாரும்மா. அவரு கால் முன்னால வந்து பொறந்தவரு. அப்படிப் பொறந்தவுக மிதிச்சா பிடிப்பு விட்டுரும்."

கூட வந்த புருஷன் ஆண்டிச்சாமி வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தப் பக்கத்து ஊர்களில் சுளுக்கு, பிடிப்பு என்றால் இவர் வீட்டு வாசலில்தான் நிற்பார்களாம். வலது காலால் நீவி மிதிப்பார். காசு வாங்கமாட்டார், வாங்கினால் பலிக்காதாம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் கத்த முடியவில்லை. எலும்பு உளுத்துப்போயிருக்கிறது, இனி மேலே கால் வைத்தால் அவள் கால் இரண்டும் விழுந்துவிடும் என்று பச்சையாகச் சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

"வைக்க மாட்டேம்மா. சாமி சத்தியமா வைக்க மாட்டேன்."

மதுரைக்கு இன்றே போகச் சொன்னோம். மாட்டை யாரிடமாவது விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வெள்ளனே வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

பிப்ரவரி 8

வரவில்லை.

பிப்ரவரி 9

கம்பளியில் கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கிள்ளினேன், ஊசியால் குத்தினேன் — தெரியவில்லை. மூத்திரமும் நின்றுவிட்டது. அஞ்சு நாளைக்கு முன்னால் இந்தக் காலை உதறு என்றதும் உதறினாளே! கடவுளே, என்னத்தச் சொல்ல?

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெறகுக் கட்டோட விழுந்துட்டேன்னு எழுதுங்கம்மா. ராத்திரி பூரா நான்தான் கெஞ்சுனேன். அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. வலி தாங்கல. ஒரே ஒரு தடவதான். அதாலதான்னு அவருக்குத் தெரிய வேணாம்."

முதுகைத் திருப்பிப் பார்த்தேன். முண்டின் மேல் குதிகால் அளவுக்குக் கன்றிப்போயிருந்தது. தாளில் 'விழுந்தது' என்றே எழுதினேன். டாக்டர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே பெஞ்சில் ஆண்டிச்சாமி. தூக்கி வந்தவர்களில் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஊருக்கு வந்ததும் எனக்கு ஒரு மிதி போடு மாமா. தூக்குனதுல பிடிச்சுக்கிருச்சு."

அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அவரும் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

"அம்மா, மறைக்காமச் சொல்லுங்க. எங்காலாலதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்டது அதைத்தான். ஆனால் அந்த இடுப்பைப் பிடித்தவன் எதிரே நிற்கிறான். அவன் முதுகுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

"ஆமா," என்றேன்.

அவர் அழவில்லை. மதுரைக்குப் போகும் ஆம்புலன்சில் ஏறும்போது அவள் பக்கத்தில் உட்காராமல் டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்தார்.

பிப்ரவரி 10

டாக்டர் கடிந்துகொண்டார். "அந்த எலும்பு எப்படியும் நொறுங்கியிருக்கும் லீமா. மிதிக்காட்டாலும் கால் போயிருக்கலாம். எதுக்குச் சொன்னீங்க?"

போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேனா? அப்படியே இருந்தாலும் — இன்னொரு முதுகை அவர் மிதிக்கமாட்டார் அல்லவா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 21

சீசன் கூட்டம். ஏரியில் படகு விட்டு, குதிரையில் ஏறிக் கீழே விழுந்து, கை கால் பிசகிய சுற்றுலாக்காரர்கள். மதுரையிலிருந்து விசாலாட்சியைப் பற்றித் தகவல் எதுவும் இல்லை.

செப்டம்பர் 14

விசாலாட்சியை இங்கே அனுப்பிவிட்டார்கள், இனி என் வேலை. ஆபரேஷன் தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது. கால் பெருவிரல் அசைகிறது! இன்னொரு தடவை அசைக்கச் சொல்லிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றுமில்லை.

கூட வந்தது அவள் அண்ணன். ஆண்டிச்சாமி மதுரை வார்டில் பத்து நாள் இருந்தாராம். கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தாராம். ஒருநாள் காணவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று லாரிக்காரன் ஒருவன் சொல்லியிருக்கிறான். ஆள் விட்டுக் கூப்பிட்டும் வரவில்லை.

செப்டம்பர் 15

காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போது, கூரையைப் பார்த்தபடியே விசாலாட்சி கேட்டாள். "சொல்ல வேணாம்னுதானம்மா சொன்னேன்?"

நான் மற்றக் காலை எடுத்து மடக்கினேன்.

"காலு வராட்டா என்ன. நான் பாட்டுக்குக் கெடந்திருப்பேன். அவரு இருந்திருப்பாரு."

பயிற்சியை நிறுத்தவில்லை. வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

நவம்பர் 27

நடந்துவிட்டாள். கம்பியைப் பிடித்து, பிறகு விட்டு, ஜன்னல்வரை. வார்டே கைதட்டியது, டாக்டர்கூட. அவள் ஜன்னலில் நின்று ரோட்டைப் பார்த்தாள். "யாரு போயி அவருகிட்ட இதச் சொல்லுவா?"

டிசம்பர் 5, ஞாயிறு

நான் போனேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி மிதிபட்டுத் தரையெல்லாம் வழுக்கியது. தேடவே வேண்டியிருக்கவில்லை. வெங்காய மூட்டையோடு எதிரே வந்தார். பாதி ஆளாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"விசாலாட்சி நடக்குறாங்க. கைத்தடிகூட இல்லாம. நீங்க வாங்க. நோய்தான் காரணமா இருக்கும்னு டாக்டரும் சொல்றாரு. நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு நிமிடம், வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அவ நடக்குறது சந்தோசம்மா." பிறகு கிட்டே வந்தார். "எங்க ஊரு கந்தம்மான்னு ஒருத்தி. மிதிச்ச மறுமாசம் படுத்தவ, எந்திரிக்கவே இல்ல. மூணு வருசம் கெடந்து செத்தா. அது எங்காலா?"

"தெரியாதுங்க."

"திருமலைச்சாமி மகன், இப்பவும் தவந்துதான் போறான். சின்னப் பய. அதுவும் எங்காலா? இருளாயிக்குக் கூன் விழுந்துச்சே, அது?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்த முதுகுகளை நான் தொட்டுப் பார்த்ததில்லை. அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என் முகத்தையே பார்த்தார். லாரியிலிருந்து யாரோ, "ஏலே ஆண்டி, வெரசா வாடா!" என்று கத்தினார்கள். மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். போகும்போதும் வாய் அசைந்துகொண்டிருந்தது.

நாளைக் காலையில் விசாலாட்சி வருவாள். நடப்பதற்கு.