கம்பளமும் கப்பலும்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே சலவை மெஷினைத் தவிர எல்லோரும் இருந்த இடத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் அப்பா காதில் விழாத மூலை இந்த வீட்டில் கிடையாது. இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது.

முதலில் மெஷின் கதையைச் சொல்லிவிடுகிறேன். துணி பிழியும்போது அது குதித்துக் குதித்துச் சமையலறை வாசல் வரைக்கும் வந்துவிடுகிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, தரைதான் கோணல், மெஷின் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உன் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒரு காலுக்கு அடியில் செருகினேன். இப்போது நின்ற இடத்திலேயே நின்று உறுமுகிறது. செருப்பைத் தேடாதே.

அடுத்தது நீ அனுப்பிய டிவி. ரிமோட்டில் பேசினால் போதும், கேட்டதைப் போடும் என்றாய். நான் செய்தி கேட்டேன், செடி வளர்ப்பது எப்படி என்று காட்டியது. பழைய பாட்டு கேட்டேன். ஒரு பொம்மைக் குழந்தை பல் தேய்த்துக்கொண்டே பாடியது. நான் ரிமோட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அப்பா சிரித்துவிட்டார். பக்கவாதம் வந்து படுத்து எழுந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை தப்பாகக் கேட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மாவிடம் அவர் வாயே திறப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அந்த அம்மா நல்லவள்தான். ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தைக்குக் கை தட்டுவது போலத் தட்டுவாள். துறைமுகத்தில் அத்தனை வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் மருந்துக்கடை வேலை முடிந்து கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா ரிமோட்டை வாயருகே வைத்துக்கொண்டு, "கம்... பல்" என்கிறார். டிவியில் ஒரு ஆள் கம்பளம் துவைக்கிறான். அப்பா தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பட்டனை அழுத்துகிறார். மறுபடியும் கம்பளம். அவருக்கு வேண்டியது கப்பல் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கம்பளம்தான். மைக்கறை போக்குவது, பூனை முடி எடுப்பது, ஓரம் பிரிந்தால் தைப்பது எல்லாம் எனக்கு அத்துப்படி. நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு கால்மிதி. ரிமோட் கை தட்டுவதில்லை, பாவம் பார்ப்பதில்லை. தப்பாகச் சொன்னால் தப்பாகப் போடுகிறது, அவ்வளவுதான். அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது போல.

போன வாரம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் பெரிய ஊதல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை முழுக்கக் கப்பல். கிரேன் ஒன்று பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அவ...சரப்படுறான்" என்றார். முழு வார்த்தை. அதுவும் குறை சொல்லி. நான் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "புது ஆளா இருக்கும், போகப் போகக் கத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். இரண்டு நாளாக அவர் கப்பல் கேட்பதில்லை. "சின்னக்குட்டி" என்று சொல்லிப் பார்க்கிறார். டிவியில் ஆட்டுக்குட்டிகள் துள்ளுகின்றன. அவருக்குக் கோபமே வருவதில்லை, அணைத்துவிட்டு மறுபடி சொல்கிறார். உன்னைத் தவிர யாரை அவர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்? நேற்றுச் சாப்பிடும்போது போனைக் காட்டி, "ஞாயிறு... நான்" என்றார்.

அவர் ஏன் இத்தனை நாள் உன்னோடு பேச வரவில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். தூங்குகிறார், குளிக்கிறார் என்று நானும் ஏதேதோ சொன்னேன். கடைசியாகப் பேசிய அன்று அவர் ஒரு வார்த்தைக்குத் திணறினார், நீ பாசத்தில் அதை எடுத்துக் கொடுத்தாய். அடுத்ததையும் நீயே சொன்னாய். அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். உன்மேல் தப்பில்லை கண்ணு, நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்ததும் முதலில் ஒன்றும் கேட்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தாதே. மாப்பிள்ளையையும் பக்கத்தில் பேசாமல் இருக்கச் சொல். பாதி வார்த்தை வந்து நிற்கும். மீதி உன் நாக்கு நுனியில் துடிக்கும். சொல்லிவிடாதே. அழுகை வந்தால் அப்புறம் அழுதுகொள்ளலாம், நானும் சேர்ந்து அழுகிறேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, உன்னை அவரே கூப்பிட்டு முடிக்கட்டும்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா