வெயிலில் படித்துப் பார்த்த பக்கம்

அடியே, போன திங்கட்கிழமை உன் நட்சத்திரங்கள் அம்மணமாக வெளியே வந்து நின்றன.

திண்டிவனம் ஆபீசில் அன்றைக்குத்தான் புது விக்கியைத் திறந்து காட்டினார்கள். பழையதில் நாம் எழுதிச் சேர்த்த பக்கங்களை எல்லாம் ஒரே மூச்சில் இதற்குள் கொட்டிவிட்டோம் என்று மேனேஜருக்கு அப்படியொரு பெருமை. வெள்ளைப் பின்னணி, ஓரத்தில் பச்சைப் பட்டை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் முதலில் தேடிப் போனது நீ எழுதிய பிழை எண் பக்கத்தை. கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை நிற்க வேண்டிய இடத்தில், மெலிந்த எழுத்தில் தொடாதே என்று இருந்தது. முன்னால் இரண்டு நட்சத்திரம், பின்னால் இரண்டு. மற்றவர்களுக்கு அது ஏதோ அச்சுப் பிழை. எனக்கு அது உன் விரல். பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். எண்கள் மாறியிருந்தன.

எந்த எண்கள், மாறினால் என்ன ஆகும் என்றெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ போன பிறகு இதை முதலிலிருந்து சொல்லக் கேட்கிற ஆள் ஆபீசில் இல்லை.

நாம் இரண்டு பேரும் டேட்டா என்ட்ரி என்று சேர்ந்தவர்கள். விவசாய போர்வெல் மோட்டார்களுக்கு கன்ட்ரோலர் பெட்டி செய்து விற்கிற சின்ன கம்பெனி. மோட்டாரில் கோளாறு என்றால் பெட்டியின் முகப்பில் ஓர் எண் எரியும். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று, எங்கேயோ ஒரு வரப்பில் நிற்கும் சர்வீஸ் ஆள் தன் போனில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் விக்கி என்ற இந்தக் குறிப்புத் தளம். அதை நிறுவிய பையன் பெங்களூருக்கு வேலை மாறிப் போகும்போது ஒரே ஒரு உதவிப் பக்கத்தை விட்டுப் போனான். தலைப்புக்கு முன்னால் #, தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரம், வரிசைக்கு எண்ணும் புள்ளியும். "இவ்ளோதானா? இதுக்கா இவன் அத்தினி சம்பளம் வாங்கினான்?" என்றாய் நீ.

உனக்கு அது பிடித்துப்போனது ரயிலால்தான். நான் விழுப்புரத்தில் ஏறி உனக்கு ஜன்னலோரம் பையைப் போட்டு வைப்பேன். அடுத்த ஸ்டேஷன் முண்டியம்பாக்கத்தில் நீ அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஏறுவாய், நமக்கு அது மல்லாட்டை. பேரணி ஸ்டேஷனைத் தாண்டினால் சிக்னல் போய்விடும். சிக்னல் இல்லாவிட்டால் என்ன, போனில் வெறும் எழுத்தாக அடித்துக்கொண்டே வருவாய். பட்டன் இல்லை, கலர் இல்லை. தலைப்பு, வரிசை, தடிப்பு எல்லாம் அந்த எழுத்துக்குள்ளேயே குறியாக உட்கார்ந்திருக்கும். ஆபீசில் போய் ஒட்டினால் பக்கம் தயார். "அலங்காரத்த பெட்டியில எடுத்துக்கினு போக வேணாம்டி, எழுத்தே போட்டுக்கினு வருது" என்பாய்.

எனக்கு நட்சத்திர வெறி. முக்கியம் என்று பட்டதை எல்லாம் தடிக்க வைப்பேன். கேபிள் அளவு, போல்ட்டு அளவு, 'கவனம்', 'மிகவும் கவனம்'. நீ பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவாய்.

"இன்னாடி இது, கல்யாணப் பத்திரிகையா?"

"எல்லாமே முக்கியம்தானேடி."

"எல்லாத்தையும் கத்தினா எதுவும் காதுல வுழாது."

இதற்காக நாம் விக்கிரவாண்டியிலிருந்து மயிலம் வரை பேசாமல் வந்த நாளும் உண்டு. மல்லாட்டையை மட்டும் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து தின்றோம்.

பிறகுதான் இரும்பை என்கிற ஊர்ப் பக்கத்தில் அது நடந்தது. மழை விட்ட நிலம். ஆனந்தன் அப்போது சர்வீசுக்குப் புதிது. பெட்டியில் 7 எரிந்தது. 7 என்றால் மின்கசிவு. இரும்புப் பெட்டியிலேயே கரண்ட் இறங்கியிருக்கலாம், பெட்டியில் கை வைக்காமல் கொட்டகைக்கு வெளியே உள்ள மெயினை அணைக்க வேண்டும். அவன் ஒழுங்காகத்தான் போனை எடுத்துப் பக்கத்தைப் பார்த்தான். பக்கத்தில் 7-க்கு நேராக, 'ஃபேனில் தூசி. பெட்டியைத் திறந்து துடைக்கவும்' என்று இருந்தது. துடைக்கப் போனான். சேற்றில் தூக்கி எறியப்பட்டான். உள்ளங்கை வெந்தது, உயிர் தங்கியது.

நீ எழுதியது சரிதான். நம் பிழை எண்கள் வரிசையாக இருக்காது, பழைய எண்கள் சில கழிந்துபோய் 2, 3, 5, 7, 8, 11 என்றுதான் மிச்சம். நீயும் அப்படியேதான் அடித்திருந்தாய். ஆனால் வரியின் தொடக்கத்தில் எண்ணையும் புள்ளியையும் பார்த்தால் விக்கிக்கு அது வரிசை. முதல் எண்ணை மட்டும் மதிக்கும், மற்றதைத் தானே எண்ணிக்கொள்ளும். 2, 3, 4, 5, 6, 7 என்று அழகாக அடுக்கிக் காட்டிவிட்டது. உன் 7 ஐந்தாகிவிட்டது. உன் 11 வந்து 7-இன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

மேனேஜர், "சாஃப்ட்வேர் மிஸ்டேக்குன்னு எழுதிடலாம்மா" என்றார். நீ, "பக்கம் என்னுது சார்" என்று சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஆனந்தனைப் பார்க்கக் கிளம்பினாய். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உனக்குச் சமாதானம் சொன்னான்.

"அக்கா, நீங்க ஏழுன்னுதான எழுதினீங்க?"

"எழுதினது ஏழுதாம்பா. காமிச்சது வேற. நான் காமிச்சதப் பாக்கல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். அடுத்தவர் நிலத்தில் காலமெல்லாம் தண்ணீர் கட்டியவர். ஈரக் காலோடு மோட்டாரைப் போடப் போய் ஒருமுறை கரண்ட் அடித்துக் கீழே கிடந்தவர். "மோட்டாரு யாருதோ. சுவிட்சத் தொடறது எங்கப்பா கை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ ஏன் ஒரு புள்ளிக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இப்படி மல்லுக்கு நிற்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் ஒவ்வொரு எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவில் பின்சாய்வுக் கோடு ஒன்று போட்டாய். 'இதை நீ எண்ணாதே, இருப்பதை இருக்கிறபடி காட்டு' என்று விக்கிக்குச் சொல்கிற குறி அது. பக்கத்தில் இருந்த மற்ற தடிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு 'தொடாதே' ஒன்றை மட்டும் நிறுத்தினாய். உயிரை வாங்குகிற விஷயத்துக்கு மட்டும்தான் கொட்டை எழுத்து, அதுவும் பக்கத்துக்கு ஒன்று. அன்றிலிருந்து என் பக்கங்களிலும் அதே சட்டம்.

அதோடு விட்டாயா? ஆபீசிலேயே மட்டமான போனை, கண்ணாடி விரிசல் விட்டதை, கேட்டு வாங்கினாய். எந்தப் பக்கத்தை மாற்றினாலும் அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் கேட்டுக்கு வெளியே போய் உச்சி வெயிலில் நின்று சத்தமாகப் படிப்பாய். சர்வீஸ் ஆள் வெயிலில் நின்றுதானே பார்க்கிறான், ஏசியில் பெரிய திரையில் பார்த்தால் நமக்கு என்ன தெரியும் என்பது உன் கணக்கு. ஆபீசே அதற்கு சூரிய நமஸ்காரம் என்று பெயர் வைத்துச் சிரித்தது. "எழுதினதப் படிக்காதடி, தெரியறதப் படி" என்று என்னையும் வெயிலில் நிறுத்தினாய். கறுத்துப்போனேன் என்று என் அம்மா உன்னைத் திட்டினாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கிடந்தபோது, புதுப் பக்கம் ஒன்று எழுதினேன் என்று சும்மா பேச்சுக்குச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "வெயில்ல பாத்தியா?" என்றாய். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமா? பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அதைக் கேட்டு நீ லேசாகச் சிரித்தாய். நம் இருவருக்குள் கடைசிப் பேச்சு அதுதான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. வேறு எதையாவது பேசியிருக்கலாம். ஆனால் நீ வேறு எதைப் பேசுவாய்?

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். புது விக்கி உன் பின்சாய்வுக் கோடுகளைத் தின்றுவிட்டு, நட்சத்திரங்களை அப்படியே துப்பியிருந்தது. மறுபடியும் 11 வந்து 7-இல் உட்கார்ந்திருந்தது. இதில் இன்னொரு சங்கதி உனக்குத் தெரியாது. போன மாதம் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் சர்வீசுக்குச் சேர்ந்திருக்கிறார். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். நல்ல வேலைக்காரர், ஆனால் நம் பெட்டி அவருக்குப் புதிது. ஆனந்தனுக்கு 7 என்றால் உள்ளங்கைத் தழும்பு சொல்லிவிடும். பாய்க்குப் பக்கம்தான் சொல்ல வேண்டும். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"சார், இதை ஆளுங்களுக்குக் குடுக்கக் கூடாது."

"ஏம்மா பேஜார் பண்ற? ஒண்ணாந்தேதி மாத்தறோம்னு மேல சொல்லிட்டேன். இப்ப ஏத்திடலாம், அப்புறமா சரி பண்ணிக்க."

"அப்புறம்னா எப்ப சார்? பாய் வுழுந்ததுக்கு அப்புறமா?"

அவர் முகம் சுருங்கியது. வேண்டுமானால் எல்லாவற்றையும் வீடியோவாக எடுத்துப் போட்டுவிடலாமே என்றார்.

"வரப்புல ஒரு கோடு சிக்னல்தான் சார் இருக்கும். வீடியோ சுத்திக்கினே இருக்கும். எழுத்துதான் வந்து சேரும்."

"அத்தினி பக்கத்தையும் யாரு உக்காந்து பாக்கறது?"

"நான் பாக்கறேன். நான் படிச்சுப் பாத்து சரின்னு சொல்றவரைக்கும் பழையதுதான் ஓடணும். என்னை வேலைய வுட்டு அனுப்பினாலும் இதேதான் சொல்லுவேன்."

எனக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஜல்தியா முடி" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்கால ரயிலிலேயே தொடங்கிவிட்டேன். ஜன்னலோர இடத்தில் இப்போது நானே உட்காருகிறேன். பிழை எண் பக்கம்தான் முதலில். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பின்சாய்வுக் கோட்டை நான் திருப்பிப் போடவில்லை. வரிசை என்பதையே எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் 'பிழை 7', 'பிழை 11' என்று வார்த்தையோடு தனித் தலைப்பு வைத்துவிட்டேன். எண்ணுக்கு முன்னால் ஒரு சொல் நின்றால் எந்த மென்பொருளும் அதைத் தன் இஷ்டத்துக்கு எண்ணாது. இந்த விக்கியும் ஒருநாள் போகும். அடுத்தது எந்தக் குறியைத் தின்னும் என்று யாருக்குத் தெரியும்? குறியெல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்தாகக் கிடந்தாலும் படிக்கிறவன் சாகக் கூடாது. உன்னிடம் வாதாடி ஜெயித்திருப்பேனா, தெரியாது. இந்த முறை என் முடிவு இதுதான்.

தடிப்பு விஷயத்தில் உன் சொல்லை மீறவில்லை. புது விக்கிக்குப் புரிகிற மாதிரி குறி போட்டு, 'தொடாதே' ஒன்றை மட்டும் கொட்டையாக நிறுத்தினேன். மறுநாள் விரிசல் போனோடு கேட்டுக்கு வெளியே போய் நின்று சத்தமாகப் படித்தேன். வாட்ச்மேன், "இன்னாம்மா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். மற்றப் பக்கங்களையும் இப்படித்தான் முடிப்பேன். நீ விட்டுப் போனதில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்தப் பிடிவாதத்தைத்தான். இதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

முடித்த பக்கங்களை மட்டும் வியாழக்கிழமை ஆட்களுக்குத் திறந்துவிட்டோம். நேற்று மத்தியானம் பாய் கூப்பிட்டார். மரக்காணம் ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு. பின்னால் மழைச் சத்தம்.

"ஏழு எரியுதும்மா. தொடாதேன்னு கொட்டையாப் போட்டிருக்குது. நான் தொடல. வெளிய மெயின ஆஃப் பண்ணிட்டேன்."

"சரிங்க பாய்."

"தண்ணி கட்டற பெரியவரு ஒருத்தரு, ஈரக் காலோட பெட்டியத் தட்டிப் பாக்கறேன்னு போய்க்கினு இருந்தாரு. நல்ல வேளை, அவரையும் புடிச்சு இழுத்து ஓரமா உக்கார வச்சிட்டேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"இந்தப் பக்கம் நீங்க எழுதினதாம்மா?"

"இல்லைங்க பாய். என் ஃப்ரெண்டு எழுதினது."

"அப்படியா? நான் சலாம் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

சொல்லிடறேன் பாய் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொடுத்த வாக்கு அது, அதற்குத்தான் உட்கார்ந்து இத்தனையும் எழுதினேன். பாய் உனக்கு சலாம் சொன்னாரடி.