மாமா கடையில் உன் கை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மாதா புண்ணியத்தில் நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பதறாமல் படி.

வளன் மாமா விஷயத்தைப் போனில் சொன்னதும், "விடுலே, கூடப் பொறந்தவன்லா" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்!

உன் சிப்பி ஜெபமாலைகளுக்காக நான் நடத்தும் வலைப்பூவிலிருந்து படங்களைச் சுட்டிருக்கிறார். மீனைச் சுட்டிருந்தால் மன்னித்திருப்பேன். தன் கன்னியாகுமரிக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டு, 'எங்கள் பட்டறைத் தயாரிப்பு' என்கிறார். படத்தில் இருப்பது உன் கை அம்மா! மீன் ஆயும்போது அரிவாள்மனை கிழித்த தழும்பு எனக்குத் தெரியாதா? அப்பா உனக்குக் கற்றுத்தந்த வலை முடிச்சை மாமாவால் போட முடியுமா? நினைத்தாலே உடம்பு எரிகிறது.

அவசரத்தில் அவர் படத்தை இறக்கித் தன் பக்கத்தில் வைக்காமல், நம் வலைப்பூவிலிருந்தே தெரியும்படி இணைத்துவிட்டார். நான் இங்கே படத்தை மாற்றினேன், அங்கேயும் மாறிவிட்டது. இப்போது அவர் கடைப் பக்கம் முழுக்க, 'இதைக் கோத்தவர் பெரியதாழை பிளாரன்ஸ்' என்று உன் போன் நம்பரோடு தெரிகிறது.

மாமா கத்துவார். நீ மன்னிப்புக் கேட்கக் கூடாது.

நெத்திலிக் கருவாடு அனுப்பு. என் பழைய தலையணை உறையும் வேண்டும், துவைக்காதே. புதுப் படமும் அனுப்பு. வழக்கம்போலக் கையை மட்டும் எடுக்காமல் முகம் தெரிய எடு. வலைப்பூவுக்குத்தான் என்று வைத்துக்கொள்.

மெஸ் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் ஜெனிஸ்
கோயம்புத்தூர் ஹாஸ்டல்