வேயூர் மன்னர் பாக்கை மறுத்த காரணம்

திரு நிலைபெறுக. ஏரி நிறைந்து, கதிர் தலைசாய்ந்து விளங்கும் கடம்ப நாட்டின் காவலர், அக்கரை ஆளும் கடம்பர்கோ அவர்கள் திருமுன், இக்கரை வேயூர் மன்னர் மருதக்கோவின் அமைச்சன் அரும்பைக்கிழான் பணிந்து விடுக்கும் ஓலை.

சமாதானப் பாக்கைப் பல்லால் பிளந்து உண்ணாதவர் போரையே வேண்டுகிறார் என்பது இருகரை வழக்கு. எம் மன்னர் பாக்கைத் தள்ளினார், மாண்ட தம் மகனின் மோதிரத்தைக் கண்டும் இளித்தார் என்று தங்கள் தூதர் வல்லத்தரையர் உரைக்க, தங்கள் படை ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. ஐயகோ, நடந்தது வேறு.

கடைவாய்ப் பல் பிளந்து, சோறு இறங்காமல் தவித்தார் மன்னர். அன்று காலைதான் மருத்துவச்சி பூதங்கண்ணியார் மரப்பு மருந்து தடவி, பல்லைச் சுற்றிலும் அராவிச் சிறுக்கி, தேன்மெழுகில் அச்செடுத்து, பொன்னுறை வார்த்து வரும்வரை அரக்கால் தற்காலிக மூடி இட்டார். மரப்பு தெளியுமட்டும் மென்றால் கன்னத்தையே கடித்துக்கொள்வீர், அரக்கு மூடி இருக்கும்வரை பாக்கு என்ற பேச்சே கூடாது என்று கண்டித்தும் சொன்னார். அந்நேரம் பார்த்தா தூதர் வரவேண்டும்!

பல்வலி என்று அக்கரையாரிடம் சொல்ல மன்னருக்கு வெட்கம். எம் வாயையும் அடைத்துவிட்டார். பாக்கைத் தள்ளினார். பின்பு, தங்களோடு நடந்த போரில் மாண்ட எம் இளவரசரின் மோதிரத்தைத் தூதர் நீட்டினார். அழத்தான் வாயெடுத்தார். பாதி உதடு அழுதது, மரத்த பாதி கோணி நின்றது. அதைச் சிரிப்பென்று கொண்டு, மோதிரத்தோடு எழுந்து போய்விட்டார் தூதர். மன்னர் தடுக்கவும் இல்லை. மகன் போன நாள்முதல் அப்படித்தான். உண்கிறார், உறங்குகிறார், ஆள்கிறார், எதுவும் உறைப்பதில்லை.

பொழுது சாயுமுன் உதட்டில் உணர்வு திரும்பிற்று. உள்ளே மரத்ததும் இவ்வாறே தெளியுமா என்று மன்னர் வினவ, அதற்குத் தம்மிடம் மருந்தில்லை என்று மருத்துவச்சி தலைகுனிந்தார்.

இப்போது மேல்பல்லோடு கீழ்ப்பல் சேரும் கடிமட்டம் பார்த்துத் தேய்த்து, பொன்னுறை பொருத்தியாயிற்று. குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. சில நாளில் அடங்குமாம். ஆகவே மன்னர் ஆணை இது: தாங்கள் பாக்கோடு நேரில் எழுந்தருள்க. சபையறிய அந்தப் பல்லாலேயே பிளப்பார். படை ஆற்றில் இறங்காது நிற்க.

மூங்கிலிலை முத்திரை இட எடுத்தோம். அதற்குள் மன்னர் ஓலையை மீண்டும் வாங்கி, தம் கையாலேயே ஒரு வரி கீறினார்: பிள்ளையின் மோதிரத்தையும் கொண்டு வருக.