கூரைச் சத்தம் நின்ற சனிக்கிழமை

எவ்வளவு பகிடி விட்டாலும் கோபிக்காத என் குணம் அண்ணைக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முந்தி, ஒரு தை மாத வெயிலில், உங்கள் வீட்டுப் பின்வளவு மழைமானியில் கிடந்த ஐந்து மில்லிமீற்றர் மழை வானத்திலிருந்து வந்ததல்ல. என் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து வந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை நன்றாகக் கழுவி, பச்சைத்தண்ணிதான் ஊற்றினேன். அந்தளவு மரியாதை எனக்கு உண்டு.

காலை ஒன்பது மணியானால் கோயில் சந்நிதியில் நிற்பதுபோல அந்தக் குழாயின் முன் குனிந்து நிற்கிற ஒரு மனிதரைக் கண்டால், யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அன்றைக்கு நீங்கள் குழாயைப் பார்த்தீர்கள். வானத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. நான் தப்பிவிட்டேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

பங்குனியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு, உங்கள் மனைவி செல்வி அக்கா உங்கள் மழைக் கொப்பிகளை என் கையில் தந்தார். அந்தத் தை மாதப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். உங்கள் சின்னக் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “ஐந்து மில்லிமீற்றர். வானம் வெளி. புல் காய்ந்திருக்கிறது. சின்னராசா வந்து போனவன். கணக்கில் சேர்க்கவில்லை.” மூன்று வருடமாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்களே, எப்படி அண்ணை?

மழைமானி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பேக்கரிப் பாண் வான் ஓட்டி முடித்து எட்டரைக்கு குவேக்கர்ஸ் ஹில்லுக்கு வந்துவிடுவேன். வீட்டுக்குப் போக முதல் உங்கள் பின்வளவுக்குப் போய், குனிந்து பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டுத்தான் போகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், ஐம்பது வயதில் ஒவ்வொரு நாளும் கொப்பி எழுதுகிறேன். என் மனைவி வசந்திக்கு அது பெரிய சிரிப்பு. “உங்கட அம்மா இருந்து பாத்திருக்கோணும்” என்கிறாள்.

ஆடி மாதத்தில், இந்த நாட்டுக் குளிர்காலத்தில், ஒரு காலை, அப்படி எழுதிக்கொண்டு நிற்கும்போது செல்வி அக்கா குசினிக் கதவடியில் வந்து நின்றார்.

“தம்பி, ஒண்டு கேக்கட்டே?”

“கேளுங்கோ அக்கா. காசு எண்டால் மட்டும் கேக்காதேங்கோ.”

“விழுற ஸ்னோ நான் இன்னும் காணேல்லை. அவர் காட்டுறன் காட்டுறன் எண்டே போட்டார். நீர் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறீரோ?”

பனி என்று எழுதினால் புல்லில் கிடக்கிற பனியோ என்று எங்கள் வானிலை வாட்ஸப் குழுவில் யாராவது கேட்பார்கள். அதனால் அக்கா சொன்னபடியே ஸ்னோ என்று எழுதுகிறேன். விழுந்து கிடக்கிற ஸ்னோவை அக்கா நாலு தரம் கண்டிருக்கிறார். விழும்போதுதான் காணவில்லை. ஒரு தரம் நீங்கள் ஒரு மணித்தியாலம் பிந்திக் கூட்டிப்போனீர்கள். இன்னொரு தரம் சரியான நேரத்துக்குக் கூட்டிப்போனீர்கள்; அக்கா கழிப்பறை வரிசையில் நின்ற பத்து நிமிடத்துக்குள் விழுந்து முடிந்துவிட்டது. அன்று காரில் திரும்பி வரும்போது அக்கா மலை இறங்கிப் பெனிரித்துக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பின் சீற்றில் இருந்து சிரித்தவன் நான்.

இந்தத் தரம் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அக்கா இன்னொன்றும் சொன்னார். “ஒருக்காத்தான் வருவன் தம்பி. அவர் இல்லாமல் திரும்பத் திரும்ப அந்த மலை ஏற எனக்கு மனமில்லை.”

ஒரே ஒரு தரம். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல வேண்டியவன் நான். எந்த உயரத்தில் குளிர் உறைநிலைக்கு இறங்கும் என்று சொல்லுகிற உறைமட்டத்தை ஏதோ வங்கிக் கடன் வட்டி என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்த நான்.

அன்றிலிருந்து உங்கள் கொப்பிகளை ஒழுங்காக இருந்து வாசித்தேன் அண்ணை. வாசிக்க வாசிக்க உங்கள்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. வெள்ளைக்காரப் பெடியள் பெரிய பெரிய கணினி வைத்துக்கொண்டு சொன்னதை, நீங்கள் பஸ் ஓட்டுகிற வேலைக்கு நடுவில், ஓய்வு நேரத்தில், ஒரு பழைய போனில் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பியக் கணிப்பையும் அமெரிக்கக் கணிப்பையும் இரண்டு சம்பந்திமார் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரு நாளைக்கு ஒத்துக்கொண்டால்தான் கலியாணத்துக்கு உடுப்பு எடுக்கலாமாம். கொப்பியில் பகிடி விடத் தெரிந்த ஆள், எனக்கு முன்னால் ஏன் அப்படிச் சாமியார்போல இருந்தீர்கள்?

குழுவின் பழைய செய்திகளையும் தேடி வாசித்தேன். உங்கள் கணிப்பு பிழைத்த ஒவ்வொரு நாளுக்கும் அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் குழுவில் ஒரு செய்தி போட்டிருக்கிறீர்கள். “நேற்று நான் சொன்னது பிழை. குளிர் வந்தது, ஈரம் வரவில்லை. மன்னிக்கவும்.” யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் நீங்கள் சொன்னதையே மறந்திருப்பார்கள். பிழை விடுகிற ஆட்களுக்கு எங்கள் சனத்தில் பஞ்சமில்லை. அதை எழும்பின கையோடு எழுதி அனுப்புகிற ஆள், நான் கண்டது நீங்கள் ஒருவர்தான்.

ஆவணி தொடங்க, நல்ல குளிர் ஒன்று தெற்கிலிருந்து புறப்பட்டது. மேய்ஸ் ஹில் கோயில் கார் பார்க்கில் எங்கள் குழு கூடியது. பிரசாதம் சாப்பிட்டபடி எல்லாரும் போனைத் தடவினார்கள். எங்கள் ரவி, அதுதான் உங்களோடு எப்போதும் வாதாடுகிற இன்ஜினியர் பெடியன், ஸ்னோ விழுவது வெள்ளிக்கிழமை என்றான்.

“வெள்ளிக்கிழமைதான் அங்கிள், ஷுவர். மலைக்கு மேல ஒபெரோனில மைனஸுக்குப் போகுது. நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“சனிக்கிழமை.”

“ஏன்?”

“வெள்ளிக்கிழமை எனக்கு வேலை.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் காரணம் அதுவல்ல. உங்கள் கொப்பியில் இதே மாதிரி வந்த குளிர்கள் இரண்டுக்குப் பக்கத்தில் ஒரே குறிப்பை எழுதியிருந்தீர்கள்: “முதல் நாள் வெறும் காற்று. ஈரம் அடுத்த நாள்தான் சுற்றிக்கொண்டு வரும். பொறுக்க வேண்டும்.” சம்பந்திமாரில் ஒருவர் வெள்ளி என்றார், மற்றவர் சனி என்றார். நான் உங்களோடு நின்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை இன்னும் மூன்று தரம் திறந்து பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரவியும் நாலு குடும்பமும் ஒபெரோனுக்குப் போனார்கள். காது விறைக்கிற காற்று, நீல வானம். “பை” என்கிற இறைச்சிப் பணியாரம் சாப்பிடுகிற படங்களை அனுப்பினார்கள். நான் பதிலுக்குக் குழுவில் போட எட்டுப் பகிடி எழுதினேன். எட்டையும் அழித்தேன். அதற்கு எனக்கு ஒரு விருது தரலாம்.

சனிக்கிழமை வசந்திக்கு வேலை. அக்காவும் நானும் மட்டும் ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். வழியில் லித்கோவில் மழை. ஹாம்ப்டனில் மழை. காரின் வெப்பமானி நாலு பாகை காட்டியது, பிறகு மூன்று. அக்கா மடியில் கையை வைத்தபடி கண்ணாடித் துடைப்பானையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒபெரோனிலும் மழைதான். சாதாரண, ஊத்தை மழை.

கொப்பியில் நீங்கள் போன் நம்பர் எழுதி வைத்திருந்த பை கடைக்குத்தான் போனோம். தகரக் கூரை போட்ட கடை. உள்ளே போக, கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கடைக்காரி ட்ரேசி அக்காவின் பொட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“வேர் இஸ் மை ரூஃப் மேன்?” என் கூரைக்காரர் எங்கே என்று உங்களைத்தான் கேட்டாள்.

நீங்கள் போய்விட்டதை நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தச் செய்தியை மெதுவாகச் சொல்ல வழியில்லை. இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. ட்ரேசி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அக்காவைக் கதிரையில் இருத்தி, நீங்கள் இத்தனை வருடமாகச் செய்ததை எங்களுக்குச் சொன்னாள். குளிர்காலத்தில் போன் அடித்து, சுகம் விசாரித்து, பிறகு கேட்பீர்களாம்: “ட்ரேசி, ரூஃப் நொய்ஸ், யெஸ் ஓர் நோ?” கூரையில் சத்தம் இருந்தால் மழை. வெளியே ஈரம் விழுந்துகொண்டிருக்க, கூரை பேசாமல் இருந்தால் ஸ்னோ. வானிலை நிலையத்தின் எந்தக் கருவியும் அவ்வளவு விரைவாகச் சொல்லாது என்று அவளுக்கே விளங்கப்படுத்தியிருக்கிறீர்கள். இப்போது அந்த ஊரில் பாதிப் பேர் கூரைக்குக் காது கொடுக்கிறார்களாம்.

அக்காவுக்கு இது தெரியாது. “எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே இந்த மனுசன்” என்றார். கோபமா, பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.

ட்ரேசி ரேடியோவை நிறுத்தினாள். தேத்தண்ணி வந்தது. பத்து மணி. பத்தரை. கூரை அடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் குறிப்பு, உங்கள் சம்பந்திமார், உங்கள் உறைமட்டம் எல்லாவற்றையும் நான் மனதுக்குள் திட்டத் தொடங்கிவிட்டேன். அக்காவுக்குச் சொல்ல ஒரு மன்னிப்பும் தயாராக இருந்தது. பதினொரு மணிக்குக் கிட்ட, அக்கா கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“தம்பி, சத்தம் நிண்டிட்டுது.”

நாங்கள் கதவைத் திறந்தோம்.

எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது அண்ணை. பெரிய பெரிய துண்டாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. எதிரே நின்ற லொறியின் முகப்பு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே வெள்ளையானது. அக்கா நடுத் தெருவுக்கு நடந்துபோய், குடை இல்லாமல், அண்ணாந்து நின்றார். ஒரு கார் வந்து, ஹோர்ன் அடிக்காமல், சுற்றிக்கொண்டு போனது. மூக்குக் கண்ணாடியில் விழுந்ததை அவர் துடைக்கவில்லை. நானும் பக்கத்தில் போய் நின்றேன். என் வாயில் பகிடி வராத பத்து நிமிடம் என்று என் கணக்கில் வேறு இல்லை. அதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியில் அக்கா சொன்னது இதுதான்: “நல்லாத்தான் கிடக்கு.” கொஞ்சம் பொறுத்து, “உவர் இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டவர். சரிதான்.”

அந்தச் “சரிதான்” உங்களுக்குச் சேர வேண்டியது. நான் இடையில் வைத்திருக்க விரும்பவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். குழுவில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் போடுகிறேன். சரியான நாளைச் சொன்னவன் நான் என்று ரவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொன்னது நீங்கள். நான் பொறுத்தேன், அவ்வளவுதான். இந்த வாக்கை மட்டும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் இடத்திலிருந்து நான் சொல்லுகிற எதுவும் பிழைத்தால், அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, யாரும் கேட்காமலே, பிழை என்று எழுதுவேன்.

இன்னொரு விஷயம். புறப்பட முதல் அக்கா ட்ரேசியிடம் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி வாங்கி, அதில் ஸ்னோ நிரப்பினார். அடுத்து வந்த புதன்கிழமை உங்கள் பிறந்தநாளுக்குப் படத்துக்கு முன்னால் வைப்பதற்கு. அக்காவின் ஃபிரீசரில் இடமில்லை என்று எங்களுடையதில் வைத்தோம். பெட்டியில் நான் பேர் எழுதவில்லை. துருவின தேங்காய்ப்பூவையும் வசந்தி அதே மாதிரிப் பெட்டியில்தான் உறைய வைக்கிறாள்.

புதன்கிழமை காலை உங்களுக்குப் பிடித்த இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வசந்திதான் சமைத்தாள். பெட்டியில் இருந்ததைச் சுரண்டி எடுத்து, சுடுதண்ணி விட்டு, பிளெண்டரில் அடித்தாள். இந்த முறை வாங்கின தேங்காயில் பால் இல்லை என்று சொல்லி, பால்மா கரைத்து விட்டு, சொதியை இறக்கினாள். பதினொரு மணிக்கு உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தோம். அக்கா ஸ்னோ எங்கே என்று கேட்டார். சொதிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, படைத்தாயிற்று என்றேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
சின்னராசா
குவேக்கர்ஸ் ஹில்