ஊரில் எவ்விடம்?

ஈஸ்ட் ஹாம், லண்டன், மே 2006

அன்புள்ள அண்ணைக்கு,

வென்றுவிட்டேன். எங்கள் வட்டாரத்தின் முதல் தமிழ்க் கவுன்சிலர் நான்தான்.

வாக்குக் கேட்டுப் போன தமிழ் வீடுகளில் கட்சியை யாரும் கேட்கவில்லை. "பிள்ளை ஊரில எவ்விடம்?" என்றுதான் கேட்டார்கள். சாதியை அப்படித்தான் விசாரிப்பார்கள் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? நீங்கள் பாரிஸில் தப்பிக்கச் சொல்லும் பக்கத்து ஊரைச் சொல்லாமல், நம் ஊரையே சொன்னேன். சில கதவுகள் உடனே சாத்தப்பட்டன. இன்னொரு கதவில் ஒரு அம்மா, "அது கிடக்கட்டும், எங்கட றோட்டுக் குப்பையை அள்ளுவிப்பீரோ?" என்றார்.

அள்ளுவிப்பேன்.

புதன்கிழமை கவுன்சிலின் முதல் கூட்டம். அண்ணியோடு வாருங்கள். மண்டபத்தில் உங்களையும் எவ்விடம் என்று கேட்பார்கள். யோசித்துப் பதில் சொல்லுங்கள். அண்ணனும் தங்கையும் இரண்டு ஊராக இருக்க முடியாது.

வழி பார்த்திருக்கும்,
தங்கச்சி