கனடா வாழைப்பழத்தின் மஞ்சள்

என் மேசையில், கணினித் திரைக்குப் பக்கத்தில் வைத்த வாழைப்பழம் நன்றாகக் கனிந்துவிட்டது. இன்று காலை கதவைத் திறந்ததும் அதன் வாசம்தான் முதலில் வந்தது. வாசத்தோடு நீயும் வந்தாய், ஒரு கையில் கதலிப்பழமும் மறு கையில் வெட்டி மிஞ்சிய துணியுமாக.

நான் இப்போது கனடாவில், திரைப்படக் காட்சிகளைக் கணினியில் ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டுகிற வேலை செய்கிறேன். நீயும் நானும் அந்தக் காலத்தில் செய்ததுதான், உனக்குத் துணி, எனக்குப் படம். நேற்று வந்த காட்சியை இரண்டு கமராக்களில் எடுத்திருந்தார்கள். ஒன்றில் முகங்கள் சரியாக இருந்தன. மற்றதில் சாம்பல் பூசியதுபோல மங்கிக் கிடந்தன. ஒவ்வொரு கமராவும் நிறத்தைத் தன் முறையில்தான் எழுதி வைக்கும். கணினி அதை வேறு முறையில் வாசித்தால் இப்படித்தான் ஆகும். என்னோடு வேலை செய்கிறவர், "அந்தப் பெண் கட்டியிருக்கிற சேலையின் சிவப்பைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், போதும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே யோசனைக்கு மல்லாவியில் உன்னிடம் நான் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

போரால் இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்த நாம் இருவரும் ஒரே தென்னோலைக் கிடுகுக் கூரையின் கீழ் கடை வைத்திருந்தோம். உன் பக்கம் தையல் மெசின். என் பக்கம் ஒரு பழைய ரீவி, வீடியோக் கசற் போடும் ஒரு டெக், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஜெனரேற்றர். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் கலியாண வீட்டுக் கசற்றுகளைப் போட்டுக் காட்டுவது என் தொழில். ரீவியின் மூடிக்குள் நாலு குமிழ்கள் இருந்தன. மூன்று வேலை செய்யும். நாலாவதை எந்தப் பக்கம் திருகினாலும் ஒன்றும் நடக்காது. தையல் இல்லாத நேரத்தில் நீ வந்து அதைத்தான் திருகிக்கொண்டிருப்பாய்.

"சும்மா ஒருத்தனும் குமிழ் வைக்கமாட்டானடி. இதுக்கும் எங்கயோ ஒரு வேலை இருக்கு" என்பாய். உனக்கு வேறு வேலை இல்லை என்பேன் நான்.

அப்போதுதான் எங்களைப்போல இடம்பெயர்ந்து வந்திருந்த பூநகரி மாமியின் கசற் வந்தது. மாமியின் ஒரே மகன் கனடாவில் தானே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். மாமி மறுத்து ஒரு சொல் எழுதவில்லை. தன்னுடைய அரக்கு நிறக் கலியாணக் கூறையை மட்டும், பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போன ஒருவர் கையில் கொடுத்து அனுப்பினா. அதைக் கட்டித் தாலி ஏறினால் போதும் என்பதுதான் அவாவின் ஆசை. கூறையின் கீழ்க்கரை தேய்ந்து கிழிந்திருந்ததால் முதலில் உன்னிடம்தான் வந்தது. மல்லாவி முழுக்கத் தேடியும் உனக்கு அரக்குத் துணி கிடைக்கவில்லை. ஒரு விரல் அகலத்துக்குக் குங்குமச் சிவப்பை ஒட்டு வைத்துத் தைத்துவிட்டு, "மாமிக்குச் சொல்லிப்போடாதை. அவா கண் மங்கின ஆள்" என்று என் வாயையும் தைத்தாய்.

மாதங்கள் கழித்து, கடிதம் எதுவும் இல்லாமல் கசற் மட்டும் வந்து சேர்ந்தது. போட்டேன். படம் ஆடி ஆடி, கறுப்பு வெள்ளையில் ஓடியது. மணமகளின் சேலை கறுப்பாகத் தெரிந்தது.

"கறுப்புச் சீலையோ பிள்ளை கட்டியிருக்கிறாள்?" என்றா மாமி.

டெக்கின் தலையைத் துடைத்தேன். வயரை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. நீ கேட்காமலே ஒரு ஜேர்மனிக் கசற்றை எடுத்துப் போட்டாய். நிறம் பளிச்சென்று வந்தது. மாமியின் கசற்றைப் போட்டாய், மறுபடி கறுப்பு வெள்ளை.

"அப்ப டெக்கில பிழை இல்லை. கனடாக்காரர் வேற மாதிரி எழுதுறாங்கள்" என்றாய்.

அதுவரை எனக்கு லண்டன், ஜேர்மனி, சுவிஸ் கசற்றுகள்தான் வந்திருந்தன. இது முதல் கனடா. நீ டெக்கைத் திருப்பி, பின்பக்கத் தூசியை ஊதி, ஒரு சின்ன சுவிட்சைக் கண்டுபிடித்து ஊசி முனையால் தள்ளினாய். திரையில் நிறம் வந்தது. ஆனால் மாப்பிள்ளை பச்சையாக இருந்தான்.

"ஐயோ, என்ர பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று மாமி எழுந்தே விட்டா.

நீ மூடியைத் திறந்து நாலாவது குமிழைத் தொட்டாய். பச்சை முகம் மஞ்சளாகி, சிவந்து, ஊதாவாகிப் போனது. கனடா முறையில் எழுதிய படத்துக்கு மட்டும்தான் அந்தக் குமிழ் வேலை செய்யும்போல. "வேலை செய்யுதடி!" என்று நீ கத்தியதில் தெருவில் போனவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

நான் உன் கையைத் தள்ளிவிட்டு, சேலை அரக்காகும்வரை குமிழைத் திருகினேன். மாமியின் முகம் மலர்ந்தது. "ஓம் ஓம், அதுதான், அதுதான்!" நீ என் கையில் ஓங்கி அடித்தாய்.

"விசரி! நீ திருகினா எந்தச் சீலையும் அரக்காகும். அது தன்ர கூறைதானோ எண்டுதானே அவாக்குத் தெரியவேணும்?"

பிறகு நீ நிறம் தெரிந்த பொருளைத் தேடினாய். வேட்டி உதவவில்லை. குமிழை எவ்வளவு திருகினாலும் அது வெள்ளையாகவே நின்றது. வெள்ளையில் மாற்றுவதற்கு நிறமே இல்லை என்று நான் பின்னால்தான் படித்தேன். மகனின் முகத்தை வைப்போம் என்றேன். எட்டு வருடப் பனியில் அவன் வெளுத்திருப்பான் என்றா மாமி. கடைசியில், கூறையை வைத்து ஏந்திவரும் கூறைத்தட்டு தெரிகிற இடத்துக்குக் கசற்றை ஓட்டினாய். தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் இருந்தன. பக்கத்துக் கடைக்கு ஓடி ஒரு கதலியும் இரண்டு வெற்றிலையும் வாங்கி வந்து திரையோரம் பிடித்தாய். சேலை தெரிகிற இடத்தை மிஞ்சிய துணியால் மூடினாய். ஆசை கண்ணில் இருந்தால் கை அந்தப் பக்கம்தான் போகும் என்றாய்.

"பிள்ளை, கனடா வாழைப்பழமும் கதலி மஞ்சளோ?" என்று மாமி கேட்டா.

"வாழைப்பழம் எங்கயும் வாழைப்பழம்தான் மாமி" என்றாய்.

நான் திருகினேன். பழமும் வெற்றிலையும் ஒன்றாகச் சரிவந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாய். துணியை எடுக்க உனக்கே கை வரவில்லை. அம்மி மிதிக்கும் இடம்வரை படத்தை ஓடவிட்டாய். மாப்பிள்ளை மணமகளின் காலைத் தூக்கி அம்மியில் வைக்க, கமரா காலுக்குக் கிட்டப் போனது. அப்போதுதான் துணியை எடுத்தாய்.

அரக்கு. அதன் அடியில், ஒரு விரல் அகலத்துக்குக் குங்குமச் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே இருட்டாகக் கிடந்தவை.

"என்ர ஒட்டு!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாய். மாமி உன் பக்கம் திரும்பி, கண்ணீரோடு சிரித்தா.

"உந்த ஒட்டை நான் அண்டைக்கே கண்டனான் பிள்ளை. இவ்வளவு நேரமும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தனான்."

நேற்றும் நான் திரையில் அந்தப் படத்துப் பெண்ணின் சேலையைக் கையால் மூடிக்கொண்டேன். சுவரோரம் ஒரு பழத்தட்டு இருந்தது. அதைப் பார்த்து, கமரா எழுதிய முறையைக் கண்டுபிடித்து மாற்றினேன். கையை எடுத்தபோது சேலை சிவப்பே இல்லை, செம்மண் நிறம். எல்லோரும் சிவப்பென்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வைத்திருந்தேன். நீ போய்விட்டாய் என்று உன் மகள் தொலைபேசியில் அழுதபோதுதான் இனிச் சொல்ல ஆள் இல்லை என்று தெரிந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சொல்ல வைத்திருந்தது இதுதான். கனடாவுக்கு வந்த முதல் வாரம் கடையில் வாழைப்பழம் வாங்கினேன். மாமி கேட்டது நியாயமான கேள்விதான். இது கதலி மஞ்சள் இல்லை. கொஞ்சம் பச்சை கலந்த, வெளிறிய மஞ்சள். நாம் அன்று குமிழை நிறுத்திய இடம் பிழை. மாமி பார்த்த அரக்கு உண்மையான அரக்கு இல்லை.

ஆனால் குமிழ் எல்லா நிறத்தையும் ஒன்றாகத்தான் நகர்த்தும்; எந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும் உன் ஒட்டு தனியாகத் தெரிந்திருக்கும்.